பதினெட்டாம் கட்டிலுக்கு ஒரு பெயர் இருந்தது

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் புகையிரதம் வத்துகாமத்தைக் கடந்து, மாத்தளையை எட்டுவதற்குச் சற்று முன்னதாக உக்குவளையில் நிற்கும். 1880ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாதை அது. தோட்டத்துச் சரக்கை ஏற்றிச் செல்வதற்காக அமைக்கப்பட்ட அப்பாதையில் இன்று பயணிப்போர் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளும், அலுவலகம் செல்வோரும், கையில் கிளினிக் கொப்பியோடு வைத்தியசாலைக்குப் போகும் முதியவர்களுமே. என் அம்மாவும் அப்படிப் போனவர்தான். எல்கடுவப் பக்கத்து மலைத்தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, உக்குவளைக் கடைத்தெருவில் சிறு பலசரக்குக்கடை வைத்திருந்த என் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்.

2009ஆம் ஆண்டில் அம்மாவுக்கு ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. மலைநாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளுள் ஒன்று அது. பெயர் வேண்டாம், எழுதினால் அது ஒரு வைத்தியசாலையின் குறை போலாகிவிடும். சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. வைத்தியர்கள் திறமைசாலிகள், மருந்து இலவசம், பத்தாம் நாள் அம்மா வீடு திரும்பிவிட்டார். ஆனால் வீட்டுக்கு வந்த அம்மா முன்பிருந்த அம்மாவாக இல்லை. பல நாள் கழித்துத்தான் காரணத்தைச் சொன்னார். சத்திரசிகிச்சைக்கு மறுநாள், நோயாளரைப் பார்க்க வெளியார் வரத் தொடங்கிய நேரத்தில், மறைப்பு எதுவும் இழுக்காமல் அவருடைய உடையைக் களைந்து உடம்பைத் துடைத்திருக்கிறார்கள். எதிர்க் கட்டிலைப் பார்க்க வந்த ஆண்கள் இருவர் தலையைத் திருப்பிக்கொண்டார்களாம். அவர்கள் திருப்பிக்கொண்டது அம்மாவுக்கு இன்னும் பெரிய அவமானமாகப் போய்விட்டது.

“பத்து நாளும் என்னைப் பதினெட்டுன்னுதான் தம்பி கூப்பிட்டாங்க” என்றும் சொன்னார். கட்டில் இலக்கம் பதினெட்டு. சிங்களத்தில் ‘தஹஅட்ட’. அம்மாவுக்குக் கடைத்தெருச் சிங்களம் நன்றாகவே தெரியும் என்பதால் அந்தச் சொல் அவருக்கு விளங்காமல் போகவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் நான். அன்று எனக்கு வந்த கோபத்தில் ஒரு கடிதமோ செய்தியோ எழுதியிருக்க முடியும். எழுதவில்லை. அந்த வாட்டில் இரவு நேரத்தில் எத்தனை நோயாளருக்கு எத்தனை தாதியர் இருந்தார்கள் என்பதை நானே கண்ணால் பார்த்திருந்தேன். துடைத்துவிட்ட அந்தத் தாதி கொடியவர் அல்லர். அவருக்கு நேரம் இல்லை. நேரம் இல்லாதபோது எது முதலில் கைவிடப்படும் என்பதுதான் கேள்வி. மருந்து கைவிடப்படவில்லை, ஊசி கைவிடப்படவில்லை. மறைப்புத் திரையும் பெயரும் கைவிடப்பட்டன. இவை இரண்டும் மட்டும் ஏன் அத்தனை எளிதாகக் கைவிடப்படுகின்றன? இந்தக் கேள்வி என்னைப் பழைய ஏடுகளுக்கு அழைத்துச் சென்றது. மலையகத் தமிழரைப் பொறுத்தவரை இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அது மாத்தளையில் தொடங்குகிறது.

கோப்பித் தோட்டக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கும் அதிகமாக நடந்து, மிஹிந்தலை, தம்புள்ளை ஊடாக மாத்தளையை அடைந்தார்கள். மலைநாட்டுக்குள் நுழையும் வாசலாக அவர்களுக்கு மாத்தளையே இருந்தது. வழியில் வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் அவர்களைக் கொன்றன. 1840களில் மட்டும் எழுபதாயிரம் பேர் வரை மாண்டிருக்கலாம் என்று ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை 1849இல் மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. எண்ணிக்கை எதுவாயினும், இறந்தவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அவர்கள் பெயரற்றே வழியோரத்தில் விழுந்தார்கள். தப்பி வந்தவர்கள் அம்மை நோயின் தெய்வமான மாரியம்மனை மலைநாடெங்கும் வைத்து வணங்கினார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தில் மாசி மகத்தில் ஐந்து தேர்கள் ஓடும்போது, அந்தப் பாதையில் விழுந்தவர்களையும் நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

இந்தப் பாதை மிஹிந்தலை ஊடாகச் சென்றது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மிஹிந்தலை மலையடிவாரத்தில் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு பழைய வைத்தியசாலையின் இடிபாடுகள் இன்றும் உள்ளன. நடுவில் ஒரு முற்றம், அதைச் சுற்றிலும் சிறுசிறு அறைகள், நோயாளியை மருந்துச் சாற்றில் கிடத்துவதற்கு மனித உருவின் அளவில் குடையப்பட்ட ஒரு கல்தொட்டி. நோயாளிக்கு நான்கு சுவர் கொண்ட தனி இடம் வேண்டும் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டில் அறியப்பட்டிருந்தது. புத்தர் தாமே வயிற்றுப்போக்கால் அழுக்கில் கிடந்த ஒரு பிக்குவைக் கழுவித் துடைத்து, நோயுற்றவரைப் பேணுவது தம்மைப் பேணுவதற்கு ஒப்பானது என்று சொன்னதாக விநயபிடகம் கூறுகிறது. நம் பக்கத்தில் வள்ளுவர், மருந்து என்ற அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பார்ப்பவன். மருத்துவனுக்கு முன்னால் நோயுற்றவன் நிற்கிறான். அருகிருந்து பார்ப்பவனோ ஏவலாளாக அன்றி, மருத்துவத்தின் நான்கில் ஒரு பங்காகவே எண்ணப்படுகிறான். இவையெல்லாம் இருந்த நாட்டில், அந்த இடிபாடுகளுக்கு அருகாகவே மனிதர்கள் கவனிப்பாரின்றி இறந்துகொண்டு நடந்தார்கள்.

தோட்டத்தில் நோயுற்ற தொழிலாளிக்கு வைத்தியம் தர வேண்டும் என்ற எண்ணம் ஆட்சியாளருக்கு மெல்லவே வந்தது. 1869ஆம் ஆண்டில் கம்பளை அரசாங்க வைத்தியசாலையில் இருந்த டொக்டர் வில்லியம் கிறகரி வான்டோர்ட் என்ற பறங்கியர், தம் வைத்தியசாலைக்கு வரும் தோட்டத் தொழிலாளர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அவர்களில் பலர் உயிர் பிரியும் தறுவாயிலேயே வந்து சேர்ந்தார்கள் என்பதை அவர் அதில் பதிவு செய்தார். உழைக்க முடியாத உடம்பைத் தோட்டம் தன்னிடம் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. தொழிலாளியோ வைத்தியசாலையைச் சாகப் போகும் இடமாகவே கண்டான். இந்தச் சூழலில்தான் 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. அது தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்து, செலவில் தோட்டங்களுக்கும் பொறுப்பு வைத்தது. 1912இல் மேலும் விரிவான சட்டங்கள் வந்தன. தோட்ட மருந்துச்சாலைகளும், ‘டிஸ்பென்சர் ஐயா’வும், பின்னாளில் தோட்ட ஆஸ்பத்திரிகளும் இவ்வாறு தோன்றியவையே.

இச்சட்டங்கள் உயிர்களைக் காத்தன என்பதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அவற்றின் அடிப்படை வேறு. தோட்டத்துக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு உடல்நலம் வேண்டும் என்பதே அங்கு கணக்கு. மலையகத் தமிழில் இன்றும் வழங்கும் ஒரு சொல் இதைச் சொல்லிவிடும். தோட்டத்தில் ஒரு நாட்கூலியை ‘பேர்’ என்பார்கள். முழு நாள் வேலை செய்தால் முழுப் பேர், எடை குறைந்தால் அரைப் பேர். காலையில் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று செக்ரோலில் பெயர் பதிந்தால்தான் ஒருவருக்கு அன்று பெயர் உண்டு. நோயாகிப் படுத்தால் பேர் இல்லை. மனிதனின் பெயரும் அவன் உழைப்பின் விலையும் ஒரே சொல்லாகிப்போன ஓர் உலகத்தில், வேலை செய்ய முடியாத நோயாளிக்கு எந்தப் பெயர் மிஞ்சும்? என் அம்மாவின் தாயார் இதே சொல்லோடுதான் வாழ்ந்தார். “இன்னிக்குப் பேர் போச்சு” என்று காய்ச்சலில் கிடந்தபடி அவர் முனகியது என் நினைவில் இருக்கிறது.

1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த சுகாதாரப் பிரிவினர் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதன் தொடக்கக் களங்களுள் மாத்தளைத் தோட்டங்களும் அடங்கும். வெறுங்காலோடு ஈர மண்ணில் வேலை செய்தவர்களின் பாதம் வழியே உட்புகும் புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சி ஆளைச் சோகையாக்கிவிடும். நோய் உண்மையானது, மருந்தும் உண்மையானது. ஆனால் நடைமுறையைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் மலத்தைக் கேட்டு வாங்கிப் பரிசோதிக்க வேண்டும். பிறகு குமட்டலும் மயக்கமும் தரும் மருந்தைக் கொடுத்து, பேதிக்கும் கொடுக்க வேண்டும். எதற்காக இதெல்லாம் என்று அவரவர் மொழியில் அமர்ந்து விளக்கும் பொறுமை அந்நாளின் கூட்டு வைத்தியத்துக்கு எளிதில் வாய்க்கவில்லை. மலம் என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லக் கூசும் பெண்கள் அதை ஓர் அந்நிய அதிகாரியிடம் ஒப்படைக்க நேர்ந்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று எந்த அறிக்கையும் கேட்கவில்லை. மருந்து கொடுத்த பின்னரும் லயங்களில் கழிப்பறை இல்லாததால் புழு திரும்பத் திரும்பத் தொற்றியது. மருந்து மட்டும் போதாது, மக்களின் வாழ்விடத்துக்கே போய் அவர்களோடு பேசி வேலை செய்ய வேண்டும் என்ற பாடத்தின் விளைவாகவே 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது.

இது ஒரு நீரோட்டம். இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு நீரோட்டமும் ஓடியது.

1859ஆம் ஆண்டு இறுதியில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் தாதியியல் பற்றி எழுதிய சிறு நூல் வெளிவந்தது. காற்று, வெளிச்சம், சுத்தம் பற்றியே அந்நூல் பேசுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், நோயாளியின் அறையில் அவர் காதுபடக் கிசுகிசுப்பாக அவரைப் பற்றிப் பேசுவதை அவர் கொடுமை என்றே கண்டிக்கிறார். பொய்யான ஆறுதல் சொல்லி நோயாளியைக் குழந்தையாக்குவதையும் அவர் ஏற்கவில்லை. நோயாளிக்கு மனம் ஒன்று உண்டு, அது எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கிறது என்பதே அந்நூலின் உள்ளோட்டம். கொழும்பில் 1879இல் டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டு மருத்துவிச்சிகள் பயிற்றப்பட்டார்கள். 1886இல் மரியாளின் பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர் கொழும்புப் பொது வைத்தியசாலைக்கு வந்து, பல பத்தாண்டுகள் அங்கே நோயாளரைப் பேணினார்கள். 1939இல் கொழும்பில் அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. கருணையாகத் தொடங்கிய பணி, கற்றுத் தேறி இலச்சினை பெறும் தொழிலாக மாறிய காலம் இது.

வடக்கில் இன்னொன்று நடந்தது. அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848 முதல் மானிப்பாயில் பணியாற்றினார். நோயாளியின் மொழியே வைத்தியத்தின் மொழியாக இருக்க வேண்டும் என்பதை அவர் வெறும் பேச்சாக விடவில்லை. மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, கலைச்சொற்களை உருவாக்கி, 1860களில் மாணவர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். 1873இல் அவர் நாடு திரும்பும்போது தமிழில் ஒரு மருத்துவ நூல்வரிசையே இருந்தது. இணுவிலில் 1898இல் மக்லியொட் வைத்தியசாலை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாகத் திறக்கப்பட்டபோது, பெண்ணைப் பெண்ணே பார்ப்பாள் என்ற உறுதியே பல குடும்பங்களை வைத்தியசாலைப் படியேற வைத்தது. மானமும் மருத்துவமும் எதிரெதிரானவை அல்ல என்பதற்கு இவை நம் கண்முன் உள்ள சான்றுகள். அதே தமிழைப் பேசிய மலையகத் தொழிலாளிக்கு மட்டும் அது கிட்டவில்லை.

ஏன் கிட்டவில்லை என்பதற்கு மருத்துவத்துக்கு வெளியே பதில் தேட வேண்டியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவர் அரசாங்க உத்தியோகம் பெற முடியாது. தாதி வேலையும் அரசாங்க உத்தியோகமே. தோட்டப் பாடசாலைகளோ ஐந்தாம் வகுப்புக்கு மேல் பெரும்பாலும் போனதில்லை, அவற்றை அரசு பொறுப்பேற்றதும் 1970களில்தான். 1956இல் சிங்களம் மட்டும் அரச மொழியானது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் உறவினர்கள் பலரை மறுகரைக்கு அனுப்பியது. எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினை 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால்தான் தீர்ந்தது. ஆக, தாதியர் சேவை நாடெங்கும் வளர்ந்து விரிந்த நாற்பது ஆண்டுகளில், லயத்துப் பெண்பிள்ளை ஒருத்தி வெள்ளை உடுப்பு அணிந்து வாட்டுக்குள் நுழைவதற்கான கதவு ஏறத்தாழ மூடியே இருந்தது. வாட்டில் தமிழ் இல்லாமல் போனதற்குத் தாதியரின் மனம் காரணமல்ல, இந்த வரலாறே காரணம்.

மொழி இல்லாமற்போனால் நோயாளி எதை இழக்கிறார்? என் அம்மாவையே எடுத்துக்கொள்கிறேன். வலியைச் சொல்ல அவருக்கு எத்தனை சொற்கள் இருந்தன! குத்தல், உளைச்சல், கடுப்பு, எரிவு, குடைச்சல், இழுப்பு, விறைப்பு. ஒவ்வொன்றும் வேறு வலி. குடைச்சலுக்கும் குத்தலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு வைத்தியருக்கு நோயின் பாதியைச் சொல்லிவிடும். கடைத்தெருச் சிங்களத்தில் அவரிடம் இருந்ததோ ஒரே ஒரு சொல்: ‘ரிதெனவா’, நோகிறது. அரிசியும் பருப்பும் விற்கப் போதுமான மொழி, உடம்பின் உள்ளே நடப்பதைச் சொல்லப் போதவில்லை. சிங்கள மொழியிலும் வலிக்கு நுணுக்கமான சொற்கள் பல உண்டு, அவை அம்மாவுக்குத் தெரியாதவை. கெட்டிக்காரியான அந்த மனுஷி வாட்டில் ஊமையானார். ஊமையான பின் மற்றவர்கள் அவரை ஒன்றும் தெரியாதவராக நடத்துவது எளிதாயிற்று.

ஆனால் எங்கள் தோட்டத்திலேயே வேறொரு மரபும் இருந்தது. அம்மா சொல்லி நான் அறிந்த ஒரு மருத்துவிச்சி அவர். பெயரை விட்டுவிடுகிறேன், அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்தடி லயக் காம்பிராவில் பிரசவம் நடக்கும்போது அவர் முதலில் செய்யும் வேலை, வீட்டிலுள்ள பழைய சேலையை எடுத்துக் கயிற்றில் குறுக்கே கட்டுவது. மாமனார் இஸ்தோப்பில் இருப்பார், கொழுந்தன்மார் பக்கத்துக் காம்பிராவில் இருப்பார்கள், சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். அந்தச் சேலைத் திரைக்குள் பிள்ளைத்தாய்ச்சி தனியாக இருப்பாள். அவள் கத்தினால் வெளியே யாரும் கேலி பேசக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டே உள்ளே போவாராம். ஒவ்வொரு பெண்ணையும் ‘ஆத்தா’, ‘தாயி’ என்று முறை சொல்லி அழைப்பாராம். அவர் தாதியியல் நூல் எதையும் படித்தவரல்லர். என் அம்மா பிறந்ததும் அவர் கட்டிய திரைக்குள்தான்.

2009இல் மறைப்பு இழுக்கப்படாத கட்டிலில் கிடந்தபோது அம்மா அந்த மருத்துவிச்சியை நினைத்துக்கொண்டாராம்.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன். வீடு திரும்பிய அம்மா மீண்டும் வைத்தியசாலைக்குப் போக மறுத்தார். வெளிப்படையாக மறுக்கவில்லை, ஒவ்வொரு கிளினிக் நாளிலும் ஏதாவது ஒரு காரணம் இருந்தது. மழை, கோயில், விருந்தாளி. 2011இல் மார்பில் ஒரு கட்டி தென்பட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஓராண்டுக்கு மேல் சேலைத் தலைப்பால் மூடியே வைத்திருந்தார். நாங்கள் அறிந்து அழைத்துச் சென்றபோது அது நிணநீர்க் கணுக்களையும் தாண்டியிருந்தது. முன்னரே வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். அவர் குற்றம் சாட்டவில்லை. நான்தான் என்னையே சாட்டிக்கொண்டேன். ஏன் மறைத்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். “திரும்பவும் அவுக்கச் சொல்லுவாங்க தம்பி” என்றார்.

நோயாளியின் மானம் என்பது, உயிர் காக்கும் வேலை முடிந்த பின் நேரமிருந்தால் சேர்த்துக்கொள்ளும் நல்ல பண்பு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பிழை என்பதை என் அம்மாவின் உடம்பு எனக்குக் கற்பித்தது. அவமானப்பட்டவர் மீண்டும் வரமாட்டார். வந்தாலும் முழுவதையும் சொல்லமாட்டார். சொல்லாத நோயை எந்த வைத்தியராலும் தீர்க்க முடியாது. 1869இல் கம்பளைக்குச் சாகும் தறுவாயில் வந்த தொழிலாளிக்கும் 2012இல் பிந்தி வந்த என் அம்மாவுக்கும் இடையில் ஒரு நேர்கோடு இருக்கிறது.

தாதியர் தொழில் இதைத் தானாகவே உணர்ந்திருக்கிறது என்பது ஆறுதல். 1899இல் அமைக்கப்பட்ட சர்வதேசத் தாதியர் பேரவை, தன் ஒழுக்கக் கோவையை முதன்முதலில் 1953இல் ஏற்றுக்கொண்டது. பலமுறை திருத்தப்பட்டு 2021இல் மீண்டும் புதுப்பிக்கப்பட்ட அக்கோவை, மனித மாண்பை மதிப்பதைத் தாதியரின் தொழிற்கடமையாகவே வைக்கிறது. அதாவது, மருந்தின் அளவை மாற்றிக் கொடுப்பது எப்படித் தொழிற்பிழையோ, அப்படியே திரையை இழுக்காமல் விடுவதும் தொழிற்பிழை. அமெரிக்கத் தாதியான வெர்ஜினியா ஹென்டர்சன் அப்பேரவைக்காக 1960இல் எழுதிய நூலில் தாதியின் பணிக்குத் தந்த விளக்கம் உலகப் புகழ் பெற்றது. ஒருவருக்கு வலுவும் மனத்திடமும் அறிவும் இருந்தால் தாமே செய்துகொள்ளக்கூடியவற்றை, அவை இல்லாதபோது அவருக்காகச் செய்து உதவுவதே தாதியின் வேலை என்றார். இந்த விளக்கத்தின்படி பார்த்தால் தாதியின் கை நோயாளியின் கையே. தன் கையால் எவரும் தன்னை ஊர் பார்க்க நிர்வாணமாக்கிக்கொள்ளமாட்டார். இலங்கையிலும் 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் தாதியர் பேரவை அமைந்தது. பதிவு பெற்ற தொழில் என்றால் அதற்கு அளவுகோல் உண்டு, அளவுகோல் உண்டென்றால் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு.

வசதி குறைந்த நாடு என்பதால்தான் இப்படி என்றும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் மிட் ஸ்டபோர்ட்ஷயர் வைத்தியசாலைகளில் 2005க்கும் 2009க்கும் இடையில் நோயாளர்கள் கழுவப்படாமலும், குடிக்கத் தண்ணீர் எட்டாமலும் கிடந்ததை ரொபேர்ட் பிரான்சிஸ் விசாரணை அறிக்கை 2013இல் உலகறியச் செய்தது. ஆட்குறைப்பும், இலக்கங்களைக் காட்டும் அவசரமும் அங்கே காரணங்களாயின. அதே 2013இல் புற்றுநோயாளியாகி வைத்தியசாலையில் கிடந்த ஆங்கிலேய வைத்தியர் கேற் கிறேஞ்சர், தம்மிடம் வருவோர் தங்கள் பெயரைக் கூடச் சொல்வதில்லை என்பதைக் கவனித்தார். வணக்கம், என் பெயர் இன்னது என்று சொல்லித் தொடங்குங்கள் என்ற ஒரே வேண்டுகோளை முன்வைத்து அவர் நடத்திய இயக்கம் பிரித்தானியா முழுவதும் பரவியது. 2016இல் அவர் மறைந்தார். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தாதியராகப் பணிபுரியும் நம்மவர்கள் அந்தச் சிறிய பெயர்ப்பட்டியை அறிந்திருப்பார்கள்.

அம்மாவின் கடைசி மாதங்கள் வேறொரு வைத்தியசாலையில் கழிந்தன. அங்கே ஓர் இளம் தாதி இருந்தார். சிங்களப் பெண். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச மொழியாக்கியது. அரச சேவையில் புதிதாகச் சேர்வோர் மற்ற அரச மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2007இல் சுற்றறிக்கை வந்தது. அப்படி வகுப்புக்குப் போய்த் தமிழ் படித்தவர் அவர். இலக்கணம் சரியில்லாத தமிழ்தான். முதல் நாள் கட்டிலருகே வந்து, திரையை நான்கு பக்கமும் இழுத்துவிட்டு, தன் பெயரைச் சொன்னார். பிறகு, “அம்மாட பேர் என்ன? எப்பிடிக் கூப்பிடுறது?” என்று கேட்டார். அம்மா தன் பெயரைச் சொன்னார். அது மாரியம்மனின் பெயர்களுள் ஒன்று. தாதி அதை இரண்டு முறை உச்சரித்துப் பார்த்து, மூன்றாம் முறை சரியாகச் சொன்னார். அதன் பின் கழுத்துவரை போர்வையால் மூடி, துடைக்கும் பகுதியை மட்டும் சிறிது சிறிதாக விலக்கித் துடைத்தார். முழு வேலைக்கும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. திரையை இழுக்க எடுத்த நேரம் சில வினாடிகள்.

அன்று மாலை நான் போனபோது அம்மா சொன்னார்: “மிஸ்ஸி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுது தம்பி.” அதற்கு மறுநாள் முதல்தான், எங்கே குடைகிறது, எங்கே குத்துகிறது என்று அவர் பிரித்துச் சொல்லத் தொடங்கினார். அந்தத் தாதி ஒரு தாளில் அந்தச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார். அதன்படி வலி மருந்து மாற்றப்பட்டது. அம்மாவின் கடைசி வாரங்கள் வலி குறைவாகவே கழிந்தன.

இன்று மலையகத்தில் இருந்தும் பெண்பிள்ளைகள் தாதியர் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களின் தாதியியல் துறைகளுக்கும் போகத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தியை அண்மையில் உக்குவளை நிலையத்தில் புகையிரதத்துக்குக் காத்திருக்கும்போது சந்தித்தேன். எல்கடுவப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பயிற்சி முடிந்து எங்கே போடுவார்களோ தெரியாது, சிங்கள ஊராக இருந்தாலும் சமாளித்துவிடுவேன் மாமா என்றாள். அங்கே வாட்டில் உள்ள சிங்கள ஆச்சிமாரின் வலிச் சொற்களை முதலில் கற்றுக்கொள் என்று மட்டும் சொன்னேன். புகையிரதம் வந்துவிட்டது. திரையைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். ஆனால் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு ஒரு சேலைத் திரையின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.